கேள்வி பதில்: வெளிப்படுத்தின விசேஷத்தில் யாரைத் தேடுகிறோம்?

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் வேதபாடத்தில் ஐந்து மாதமாக வெளிப்படுத்தின விசேஷம் படிக்கிறோம். 13-ம் அதிகாரத்தைத் தாண்டவே இல்லை. 666 என்பது பார்கோடா, ஆதாரா, அந்திக்கிறிஸ்து யார் என்றே பேச்சு ஓடுகிறது. வயதான அம்மாமார் பயந்துபோயிருக்கிறார்கள். எப்படித்தான் படிப்பது? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: சகோதரி, 13-ஐ விட்டு வெளியே வரும் வழி அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. 13:18-ல் மிருகத்தின் இலக்கம், அந்த 666. உடனே 14:1-ல், சீயோன் மலையின்மேல் ஆட்டுக்குட்டியானவர், அதாவது இயேசு, நிற்கிறார். அவரோடு நிற்பவர்களின் நெற்றிகளில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. நடுவில் இருக்கும் அதிகாரப் பிரிவு இதை எழுதிய யோவான் போட்டதில்லை, 13-ம் நூற்றாண்டில் வந்தது. ஆசியாவின் ஏழு சபைகளிலும் இது வாசிக்கப்பட்டபோது, மிருகத்தின் முத்திரையையும் பிதாவின் நாமத்தையும் ஜனங்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள். நீங்கள் பாதியில் நிறுத்துவதால்தான் அந்த அம்மாமாருக்குப் பயம் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த கூட்டத்தில் 13:16 முதல் 14:5 வரை நிறுத்தாமல் சத்தமாக வாசியுங்கள்.

அந்த இலக்கத்தைக் கணக்குப் பார்க்கும்படி யோவான் சொன்னது அன்றைய விசுவாசிகளுக்கு. அவர்கள் காலத்தில் எழுத்தே எண்ணாகவும் பயன்பட்டது. ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருக்கிறது. நீரோ என்ற முதல் பாதியின் கடைசி எழுத்தை விட்டு எழுதினால் 50 குறைந்து அந்த எண்ணும் வந்துவிடுகிறது. வேத அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம் இது; எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. அந்திக்கிறிஸ்து என்ற சொல்லோ வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை! யோவானின் முதல், இரண்டாம் நிருபங்களில் மட்டும் வருகிறது. அங்கேயும் அவனை அடையாளம் காட்டுவது அவன் இயேசுவைப்பற்றி என்ன சொல்கிறான் என்பதே (1 யோவான் 2:22, 4:3).

இனி முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் 1-ம் அதிகாரம்: இயேசு எங்கே நிற்கிறார் என்று பாருங்கள், குத்துவிளக்குகளின் மத்தியில், அதாவது சபைகளின் நடுவில். அடுத்து 2, 3. ஏழு கடிதமும் இயேசு தம்மை இன்னார் என்று சொல்வதில்தான் தொடங்குகிறது. அந்த ஏழையும் நோட்டில் எழுதி, எதிரே அந்தச் சபைக்குக் கிடைத்த பாராட்டையும் கடிந்துகொள்ளுதலையும் எழுதுங்கள். சிமிர்னாவுக்கும் பிலதெல்பியாவுக்கும் கடிந்துகொள்ளுதல் இல்லை, லவோதிக்கேயாவுக்குப் பாராட்டு இல்லை.

4, 5 அதிகாரங்களைப் பிரிக்காதீர்கள். மொத்தமே 25 வசனம். யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார் என்று யோவானின் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால், "அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி." இந்த இரண்டு வசனத்துக்கு ஒரு வாரம் முழுவதும் கொடுங்கள். சிலுவையில் அடிக்கப்பட்டதுதான் அவருடைய ஜெயம் என்பது மனதில் பதியாமல் முத்திரை உடைப்பதற்கும் எக்காளத்துக்கும் போனால், எல்லாம் யுத்தச் செய்தியாகவே தெரியும். பிறகு நேரே 19 முதல் 22 வரை வாசித்து முடிவைத் தெரிந்துகொண்டு, கடைசியாக 6 முதல் 18-க்குத் திரும்புங்கள். ஆட்டுக்குட்டியானவர் என்று வரும் இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடிடுங்கள். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் 29 தடவை வருகிறது. 28 தடவை கிறிஸ்துவைக் குறிக்கிறது. மிச்சம் ஒன்று 13:11, ஆட்டுக்குட்டியைப்போலக் கொம்பு வைத்த மிருகம். போலியைக் கண்டுபிடிக்க அசலை 28 தடவை பார்த்த கண் வேண்டும்.

கடைசிக்கால நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் கால அட்டவணைப் படத்தை முதலில் சுவரில் மாட்டிவிட வேண்டாம். மாட்டினால் ஒவ்வொரு வசனத்தையும் படத்துக்குள் திணிக்கத் தோன்றும்.

கேள்வி: உபவாசக் கூட்டத்தில் ஒரு சகோதரர் என் மகளிடம், "கர்த்தர் சொல்லுகிறார், இந்த வரனைத் தட்டினால் சாபம் வரும்" என்றார். அவளுக்கு விருப்பமில்லை. மீறலாமா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, முதலில் மகளை வற்புறுத்துவதை நிறுத்துங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொன்னார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). ஒருவர் பேசினால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பதும் அவருடைய கட்டளைதான்.

சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி, போதகரிடமும் இரண்டு மூப்பர்களிடமும் காட்டுங்கள். பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல், இந்த மூன்றில் எது அதில் இருக்கிறது (1 கொரிந்தியர் 14:3)? அது மகளை இயேசுவிடம் கொண்டுபோகிறதா, சொன்னவரிடம் கட்டிப்போடுகிறதா? சொன்னவருக்கு மாப்பிள்ளை வீட்டோடு உறவோ கொடுக்கல்வாங்கலோ உண்டா? கையோடு காணிக்கை கேட்டாரா? ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே என்று ஆதிச்சபையின் டிடாக்கே என்னும் போதனை நூலே எச்சரிக்கிறது.

அகபு என்னும் தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் நேரப்போவதை முன்னறிவித்தான் (அப்போஸ்தலர் 21). கேட்டவர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுலோ கர்த்தராகிய இயேசுவின் நாமத்துக்காகச் சாகவும் ஆயத்தம் என்று சொல்லிப் போனார். அது மெய்யான தீர்க்கதரிசனம். அப்படியிருந்தும் மீறினால் சாபம் என்று அகபு மிரட்டவில்லை. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்ற கலாத்தியர் 3:13-ஐ இன்று இரவே மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

கேள்வி: தானியேல் புத்தகத்தை வைத்து வருகையின் ஆண்டைக் கணக்கிடுவது தவறா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: தவறுதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் தானியேல் 8:14-ன் 2,300 நாளை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணினார். முதலில் 1843, 1844 என்று சொன்னார். அது கடந்ததும் அவருடைய இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள், அவரும் ஒத்துக்கொண்டார். அறுவடையைக்கூட வயலில் விட்டுவிட்டுக் காத்திருந்த விவசாயிகள் உண்டு. மில்லர் வேதத்தை ஊன்றிப் படித்த உத்தமர். ஆனால் அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று குமாரனே சொன்ன மாற்கு 13:32 அந்தக் கணக்கில் சேரவில்லை. அதே அதிகாரத்தின் கடைசி வார்த்தை விழித்திருங்கள் என்பது.