கேளுங்கள், சொல்கிறேன்: மூளைச் சத்திரசிகிச்சை

கேள்வி: தம்பிக்கு மூளையில் கட்டி. சம்மதக் கடிதத்தில் ஒப்பம் கேட்கிறார்கள். பயிற்சி டொக்டர்தான் வெட்டுவாராம் என்று வாட்டில் கதைக்கிறார்கள். மறுக்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மறுக்கலாம், தங்கச்சி. அதற்கு முதல், எந்தக் கட்டத்தை யார் செய்வது, நிபுணர் கூடவே நிற்பாரா என்று கேளுங்கள். நான் தியேட்டர் தாதியாக இருந்தவள். மண்டையோட்டைத் திறப்பதும் கடைசியில் தோல் தைப்பதும் பெரும்பாலும் பயிலுநர்தான். கட்டியில் கைவைப்பது நிபுணர். பழகாமல் அடுத்த நிபுணர் எங்கிருந்து வருவார்? அதை ஒளிப்பதுதான் பிழை. தம்பிக்கு நினைவு தெளிவென்றால் ஒப்பம் அவருடையது, உங்களுடையதல்ல. ‘புது முறை’ என்றால் துருவிக் கேளுங்கள். மனநோய்க்கென்று மூளையின் முன்பக்க நரம்புத் தொடர்புகளை வெட்டி, பிறகு தீங்கென்று கைவிட்ட லோபோட்டமிக்கே 1949இல் போர்த்துக்கேய டொக்டர் எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கொடுத்தார்களே! அப்புறம், நிபுணர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினால், தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.