எட்டுப் பேர் எழுதினோம், எட்டும் ஒரே கதை!

கேள்வி: மதுரை திருநகரில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி எழுதுகிறோம். இணையத்தில் ஒரு படத்தை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுதி, பிறகு வாசித்துக் காட்டுவோம். போன முறை, முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் படம். எட்டுப் பேருமே மகன் கைவிட்ட தாயைத்தான் எழுதியிருந்தோம். படம் பார்த்து எழுதுவது சொந்தச் சரக்கு இல்லாதவர்கள் வேலை என்கிறார் எங்களில் மூத்தவர். விட்டுவிடலாமா?

பதில்: விடவே வேண்டாம். படத்தை மாற்றுங்கள், அது போதும். பார்த்ததுமே மனசு இளக வேண்டும் என்று எடுத்த படம் அது. எடுத்தவரே கதையை முடித்துவிட்டார், நீங்கள் எழுத அதில் என்ன மிச்சம்?

அவரவர் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய ஸ்டூடியோ கல்யாணப் போட்டோவை எடுத்து வரச் சொல்லுங்கள். மணப்பெண் நாற்காலியில், மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபடி, வாட்ச் தெரிய வேண்டும் என்றே முழுக்கைச் சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டிருப்பார். பின்னால் ஏரியும் மாளிகையும் வரைந்த திரை, அது தரையைத் தொடும் இடத்தில் சுருண்டுகிடக்க, கீழே வெறும் சிமெண்டுத் தரை. அந்த வாட்ச் அவருடையதா, இரவல் வாங்கியதா? எட்டுப் பேருக்கு எட்டுக் கதை அங்கேயே கிடைத்துவிடும். மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புது மண்டபத்துத் தூண் சிலைகளுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்துப் படம் யாரிடமாவது இருந்தால் அதையும் வையுங்கள், யாளியின் காலடியில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பற்றி யாருக்குத்தான் எழுதத் தோன்றாது!

அப்புறம், படத்தை வைத்த உடனே பேனாவை எடுக்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பார்ப்பது மட்டும்தான். கண்ணுக்குத் தெரிவதை ஆளுக்கு ஒன்றாக வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘சோகமான கண்’ என்று யாராவது சொன்னால் நிறுத்தி, கண் எங்கே பார்க்கிறது என்று கேளுங்கள். சோகம் நாம் கொண்டுபோய் வைத்தது, பார்வை படத்தில் இருப்பது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே எழுத்து மாறிவிடும், இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் மூத்தவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொந்த அனுபவம்தான் எழுத்து என்றால் நம் அகப்பாடல்களில் பாதி தேறாது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், பெயரே சொல்கிறது, இந்த ஊர்த் துணி வியாபாரி (அறுவை என்றால் அன்றைய தமிழில் துணி). குறுந்தொகை 185-ஆம் பாடலில் அவர் மலைநாட்டானைக் காதலித்து மெலிந்துபோன ஒரு பெண்ணாகப் பேசுகிறார். காற்றில் சாய்ந்து பாறைமேல் கவிழ்ந்துகிடக்கும் செங்காந்தள், படம் சுருங்கிய வரிப்பாம்பு போல இருக்கிறதாம். அந்தப் பூவை அவ்வளவு உற்றுப் பார்த்ததால்தான் அவள் வலியும் நமக்குத் தெரிகிறது.

பெரியவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அவர் வீட்டிலிருந்தே ஒரு போட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் இருப்பவர் யார், எந்த ஊர் என்று நீங்கள் எல்லோரும் வாசித்து முடிக்கும்வரை அவர் வாயே திறக்கக் கூடாது, அதன் பிறகு அவர் பேசட்டும்.