எல்லா இடத்திலும் அன்அலைன்ட் லோடையே போட்டுவிட்டால் என்ன? அலைன்ட் லோட் எதற்கு?

லோட் என்பது மெமரியிலிருந்து டேட்டாவைப் புரொசசருக்குள் எடுப்பது. எடுக்கும் அளவால் முகவரி மீதியில்லாமல் வகுபட்டால் அலைன்ட். லைப்ரரியில் லோட் (அலைன்ட்), லோட்யு (அன்அலைன்ட்) என்று இரண்டைப் பார்த்துக் குழம்பித்தான் கேட்டிருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு லோட்யு போடுங்கள். 2008இல் வந்த இன்டெல் நெஹலம் முதல், முகவரி அலைன்ட்டாக இருந்தால் இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. ஒரே அடியில் 32 பைட்டைக் கையாளும் ஏவிஎக்ஸ் கட்டளைகளின் அலைன்ட் லோடோ, முகவரி 32ஆல் வகுபடாவிட்டால் புரோகிராமையே சாய்த்துவிடும். பட்டவன் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. பெல்ட்டில் போகும் காயைக் கேமராவில் பார்த்து அழுகலைத் தள்ளும் மெஷினுக்கு, ஏவிஎக்ஸ்2வில் கோட் எழுதியது நான். ஓசூரில் என் மேஜையில் சோதித்த படம் 1280 பிக்சல் அகலம், பிக்சலுக்கு ஒரு பைட். 32ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆலையில் மாட்டிய கேமரா 1292. மீதி 12, அதனால் அடுத்த வரி பிசகிய முகவரியில் தொடங்கும். முதல் வரி ஓடியது. இரண்டாவது வரியின் முதல் லோடிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட், வழக்கமாகச் செல்லாத முகவரியைத் தொட்டால் வருவது.

இதில் கொடுமை, முகவரி செல்லாத முகவரியே இல்லை. புரொசசர் எழுப்புவது வேறு ஃபால்ட். லினக்ஸ் அதையும் இதே பெயரில்தான் காட்டும். இரண்டு நாள் நல் பாயின்டரை, அதாவது எதையும் காட்டாத வெற்று முகவரியைத் தேடினேன். சீசன் நேரம், வாசலில் டிராக்டர் வரிசை. சூபர்வைசர் மணிக்கொரு தரம் வந்து, "ஏன் தம்பி, ஆளுங்களை வெச்சே பொறுக்கிக்கலாமா?" என்பார்.

லோட்யு ஆக்கினேன், ஓடியது. அப்புறம் சாவகாசமாக வரிக்கு 20 பைட் காலி விட்டு 1312 ஆக்கினேன். புரொசசர் மெமரியைத் துண்டு துண்டாகத்தான் கேஷில் வைக்கும்; அந்தத் துண்டான கேஷ் லைன் 64 பைட். பிசகிய முகவரியில் 32 பைட்டாகப் படித்துக்கொண்டே போனால், இரண்டுக்கு ஒரு லோட் இரண்டு லைனில் கால் வைக்கும், அது மெதுவாகும். படம் இருக்கும் பஃபரின் தொடக்கமும் 32ஆல் வகுபட, அதை அலைன்ட் அலாக்கில் வாங்கினேன். 64 பிட் லினக்ஸில் மெமரி வாங்கும் வழக்கமான மாலாக், முகவரி 16ஆல் வகுபடும் என்று மட்டும்தான் உத்தரவாதம் தரும்.

"மேனுவல் படித்திருக்கலாமே" என்று வரப்போகிறவர்களுக்கு: படித்தேன், அடிபட்ட பிறகு. ஒரே அடியில் 64 பைட் எடுக்கும் ஏவிஎக்ஸ்-512காரர்களுக்கு: 64 பைட் லோட் பிசகினால் ஒவ்வொன்றும் லைனைத் தாண்டும், அங்கே அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும், சரி. போன்களில் வரும் ஏஆர்எம் புரொசசர் பற்றி நான் பேசவே இல்லை.

மெஷின் இன்னும் ஓடுகிறது. என் அப்பா எங்கள் தோப்பு பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு போய் இதே மாதிரி ஆலை வாசலில் ராத்திரி முழுக்க நிற்கிறார். அழுகலை நொடியில் பிரிக்கக் கேமரா வைத்தவர்கள், கிலோ என்ன விலை என்பதை மட்டும் காய் இறக்கின பிறகுதான் சொல்கிறார்கள்.