அசோக் நகர் ஸ்பேனியல்: கேட்டவர்களுக்குப் பதில்

அசோக் நகரில் ஒரு மருந்துக்கடை வாசலில் கிடைத்த பொன்னிறப் பெண் ஸ்பேனியல் நாய் இப்போது என் பொறுப்பில் இருக்கிறாள். ஐந்தாறு வயது இருக்கலாம். நல்ல வீடு தேடுகிறோம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன.

கே: இது எந்த வகை? கலப்பா? (மடிப்பாக்கம்)

ப: காக்கர் ஸ்பேனியல். அதில் இங்கிலீஷ் காக்கர் என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்கன் காக்கருக்கு மண்டை உருண்டு மேடாக இருக்கும், மூஞ்சி குட்டை, கால் முடி தரையைக் கூட்டும். இவளுக்கு மூஞ்சி நீளம், தலை தட்டை. ஒரே வம்சத்தில் பிரிந்தவைதான். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப் 1946-ல் இங்கிலீஷ் காக்கரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும் வேட்டை நாய் இது. தெருவில் புறாவைப் பார்த்தால் நம் தோள்பட்டை கழன்றுவிடும். மடியில் வைத்துக் கொஞ்சலாம் என்று மட்டும் வாங்காதீர்கள். இரண்டு வேளை நல்ல நடை வேண்டும், நின்று மோப்பம் பிடிக்கவும் விட வேண்டும். கலப்பா என்பதை வம்சாவளிப் பேப்பர் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது.

கே: விலை என்ன? (தாம்பரம்)

ப: விற்பனைக்கு இல்லை.

கே: சொந்தக்காரர் தேடி வந்தால்? (கோடம்பாக்கம்)

ப: முதலில் அதைத்தான் பார்த்தோம். ஸ்கேனர் வைத்துப் பார்த்ததில், தோலுக்கடியில் பதிக்கும் அடையாள மைக்ரோசிப் இல்லை. சுற்றுவட்டார டாக்டர்களிடம் போட்டோ கொடுத்திருக்கிறோம். அவள் உடம்பில் உள்ள ஓர் அடையாளத்தை வேண்டுமென்றே வெளியே சொல்லவில்லை. உரிமை கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும், தடுப்பூசி அட்டையும் காட்டட்டும். ஆனால் முலைக்காம்புகள் நீண்டு தொங்குவதைப் பார்த்தால், பல ஈற்று ஈன வைத்து, இனி வருமானமில்லை என்றதும் இறக்கிவிட்டுப் போனதாகத்தான் தோன்றுகிறது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி நாயைக் கைவிடுவது குற்றம். கருத்தடை ஆபரேஷன் முடியாமல் யாருக்கும் தரமாட்டேன்.

கே: ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லதாமே? அப்புறம் ஆபரேஷன் செய்யலாமே? (போரூர்)

ப: நல்லதெல்லாம் இல்லை. ஆபரேஷன் ஆகாத பெட்டைக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: "எல்லாம் சரி, ஆபரேஷன் மட்டும் வேண்டாம்" என்பவர் குட்டி வியாபாரிதான்.

கே: எங்கள் ஸ்பேனியலுக்குக் காது நாறிக்கொண்டே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (வளசரவாக்கம்)

ப: விடாதீர்கள். மடிந்து தொங்கும் காது, உள்ளே முடி, வெளியே சென்னைப் புழுக்கம், காற்றே போகாது. இவள் காதைத் தூக்கியதும் புளித்த மாவு வாடை, உள்ளே பழுப்பு மெழுகு. அது ஈஸ்ட். டாக்டர் மெழுகை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பாக்டீரியாவா ஈஸ்ட்டா என்று தெரிந்துகொண்டுதான் சொட்டு மருந்து தர வேண்டும். பக்கத்து வீட்டு நாயின் மருந்தை ஊற்றக்கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளும். காதின் உட்பக்க முடியை ஒட்ட வெட்டுங்கள், குளித்தபின் துடைத்து உலர்த்துங்கள். சாப்பாட்டுக்கு வாய் குறுகிய ஆழமான கிண்ணம் வையுங்கள், காது வெளியே தொங்கும். திரும்பத் திரும்ப வந்தால் அலர்ஜியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கே: கோடைக்கு மொட்டை அடித்துவிடலாமா? (அண்ணா நகர்)

ப: வேண்டாம். குட்டையாக வெட்டுங்கள், தோல் தெரிய மழிக்காதீர்கள்.

கே: நீங்கள் சொல்வது லண்டனுக்கு. வருஷா வருஷம் ஜீரோ கட்தான், எங்கள் நாய் ஜம்மென்று இருக்கிறது. (மறுபடி அண்ணா நகர்)

கே: எங்களுடையதற்கு மழித்த பிறகு முடி பஞ்சு பஞ்சாக முளைத்தது. அண்ணா நகர்க்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள்! (மயிலாப்பூர்)

ப: சண்டை வேண்டாம். நாய் சூட்டை முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் இறக்குகிறது; மொட்டை அடித்த முதுகு வெயிலில் வெந்துவிடும். ஆனால் மயிலாப்பூர், கருத்தடைக்குப் பிறகும் ஸ்பேனியலுக்கு முடி பஞ்சாகும், எல்லாப் பழியையும் மெஷின் மேல் போடாதீர்கள். சடை தோலோடு ஒட்டிவிட்டால் மழிக்கத்தான் வேண்டும். இவளுக்கே அக்குளில் அப்படித்தான் எடுத்தோம். வயிற்றிலும் பாதத்திலும் ஒட்ட வெட்டலாம், விரலிடுக்கு உண்ணி கண்ணில் படும். உண்ணிக் காய்ச்சல் இங்கே சர்வசாதாரணம். ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே ரத்தப் பரிசோதனை. ஜீரோ கட் விவாதம் இதோடு போதும்.

கே: பொன்னிற காக்கருக்குத் திடீரென்று வெறி வந்து கடிக்குமாமே? (பெருங்குடி)

ப: ஒரே நிறமுள்ள இங்கிலீஷ் காக்கர்களில் அப்படி ஒன்று பதிவாகியிருக்கிறது, மிக அபூர்வம். பெரும்பாலும் காது வலி, அல்லது கிண்ணத்தில் யாரோ கைவைத்த கோபம்.

கே: அபார்ட்மென்ட் அசோசியேஷன் நாய் கூடாது என்கிறது. (வேளச்சேரி)

ப: நாய் வளர்க்கவே தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மாநகராட்சி லைசென்ஸையும் ரேபிஸ் ஊசி அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கே: ரேட் சொல்லுங்க சார். (ஆவடி)

ப: தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

கே: இருவரும் வேலைக்குப் போகிறோம், இரவு எட்டுக்குத்தான் வருவோம். (சிறுசேரி)

ப: இவள் வேண்டாம். தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுகிறாள்.

கே: எனக்கு 63 வயது. முன்பு காக்கர் வளர்த்திருக்கிறேன். எனக்குத் தருவீர்களா? (பெரம்பூர்)

ப: தரலாம் அம்மா. உங்களுக்கு முடியாமல் போனால் அவளைப் பார்த்துக்கொள்ளப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை வாருங்கள். தையல் பிரித்த பிறகுதான் அனுப்புவேன். அதுவரை வாரம் ஒருமுறை வந்து காதைத் துடைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.