கழன்று விழுந்தாலும் சாகாதவர்கள்

வணக்கம் சார்,

போன வாரக் குறிப்பில், தம்பி பேரனோடு உட்கார்ந்து ‘லெகோ பேட்மேன்: டிசி சூப்பர் ஹீரோஸ் யுனைட்’ படத்தைப் பார்த்ததாகவும், பல இடங்களில் அவனைவிட நீங்கள்தான் அதிகம் சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எரிச்சல் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

என் மகனுக்கு ஏழு வயது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தபடியே நானும் முழுதாகப் பார்த்து முடித்துவிட்டேன். லெகோ என்ற, ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிற கட்டைகளைச் செய்யும் பொம்மைக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற விளம்பரத்தை எடுத்து, அதை நமக்கே காசுக்கு விற்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பேட்மேனை வேறு, பாதிப் படம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற சின்னப் பையனைப் போலக் காட்டுகிறார்கள். சூப்பர்மேன் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று முறுக்கிக்கொள்கிறான். இதைப் பார்த்து என் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வான்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லெகோ பேட்மேன் கார் செட் ஒன்று வாங்கி வந்தார். தினமும் அது உதிரும். தினமும் சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு நான் துண்டுகளைத் தேடுவேன். பொறுக்க முடியாமல் என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஃபெவிக்விக் போட்டு ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டார். இப்போது ஷோகேஸில் அழகாக இருக்கிறது. ஆனால் பையன் அதன் பக்கமே போவதில்லை. படத்தை மட்டும் பார்க்கிறான். நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் பசை விடும் என்கிறாள் தங்கை. போடட்டுமா?

— கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

முதலில் அவசரமான விஷயம். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள். பெரும்பாலானவற்றில் அசிட்டோன் இருக்கும். லெகோ கட்டை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. அசிட்டோன் பட்டால் பசையோடு சேர்ந்து காரும் கரைந்துவிடும்.

விளம்பரம் என்றீர்கள். விளம்பரம்தான், அதில் சண்டைக்கே வரமாட்டேன். 2012இல் ஒரு வீடியோ கேம் வந்தது. அதன் நடுநடுவே வருகிற கதைக் காட்சிகளைக் கோத்து, கொஞ்சம் புதிதாகவும் சேர்த்து, 2013இல் தியேட்டருக்கே போகாமல் நேராக டிவிடியில் விட்டார்கள். அந்த கேமைச் செய்த டிராவலர்ஸ் டேல்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் பர்ட்டன்தான் படத்துக்கும் இயக்குநர். கட்டையை விற்க கேம், கேமை விற்கப் படம், படத்தைப் பார்த்தவன் திரும்பவும் கட்டை வாங்கக் கடைக்குப் போவான். செக்குமாட்டுப் பாதை. பின்பாதிச் சண்டைகளில் எனக்குக் கொட்டாவி வந்ததும் இதனால்தான். பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறவனுக்காகச் செய்த சண்டைகள் அவை. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறவனுக்கு, பக்கத்து வீட்டுப் பையன் கேம் ஆடுவதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற சுகம்தான் கிடைக்கும்.

ஆனால் நாயகர்கள் கூட்டுச் சேர்கிற வழக்கமே வியாபாரத்தில் பிறந்ததுதான். சூப்பர்மேன் 1938இல் வந்தார், பேட்மேன் 1939இல். ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ என்ற காமிக்ஸ் இதழில் இருவருக்கும் தனித்தனிக் கதைகள் வரும். அட்டையில் மட்டும் தோள்மேல் கை போடாத குறையாகச் சேர்ந்து நிற்பார்கள், உள்ளே ஒருவர் கதையில் மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். 1952இல் சூப்பர்மேனின் 76ஆவது இதழில் ஒரு கப்பலில் இருவருக்கும் ஒரே அறை கிடைத்து, நிஜத்தில் யார் என்ற ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரிந்துபோனது. அதுவும் ஒரு முறைதான். 1954இல் ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ பக்கங்களைக் குறைத்தார்கள். இரண்டு கதைகளுக்கு இடமில்லை. இருவரையும் ஒரே கதைக்குள் தள்ளினார்கள், அன்றிலிருந்து அது தொடர்ந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் இரண்டு குடும்பம் ஒரே போர்ஷனுக்கு வந்து சேர்கிற மாதிரி. உலகைக் காக்கும் மாபெரும் நட்புக்கு மூலகாரணம் காகிதச் செலவு.

பிள்ளைகளுக்கோ இந்தக் கணக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. நம் கொலுப்படியையே பாருங்கள். தசாவதாரம் செட்டுக்குக் கீழே செட்டியார் அரிசி, பருப்போடு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் கிரிக்கெட் டீம் பேட்டோடு நிற்கும். யார் கதைக்குள் யார் வந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. லெகோவில் அப்படி நடக்க ஒவ்வொரு கம்பெனியிடமும் உரிமம் வாங்க வேண்டும். 1999இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் உரிமத்தோடு பெரிய அளவில் தொடங்கியது அது. பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே கதை இருக்கிறது, எதைக் கட்டுவது என்று படம் போட்ட புத்தகமும் இருக்கிறது. இதில் ஒரு இழப்பு உண்டு. அந்த வருத்தம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி நான் எதற்குச் சிரித்தேன் என்பதற்கு வருகிறேன்.

படத்தில் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறான். ஆண்டின் சிறந்த மனிதர் விருது தனக்குத்தான் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவனுக்கு, மேடையில் புரூஸ் வேய்ன் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அதாவது முகமூடி இல்லாத பேட்மேனை. அந்த வயிற்றெரிச்சலில் பேட்மேனின் எதிரி ஜோக்கரோடு சேர்கிறான். (ஓட்டுக்கு நம் ஊரில் என்னென்ன கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். லூதர், ஜோக்கரின் வாயுவைக் கொடுத்து மயக்குகிறான்.) அவனிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது சுடாது, எரிக்காது, வெடிக்காது. பளபளக்கும் கறுப்புக் கட்டைகளால் ஆன எதையும் கழற்றிப்போடும், அவ்வளவுதான். ஜோக்கரை அடைத்துவைத்திருக்கும் ஆர்க்கம் மனநலக் காப்பகத்தின் சுவரை அப்படித்தான் கழற்றி ஜோக்கரை வெளியே எடுக்கிறான். பேட்மேன் வைத்திருப்பதெல்லாம் என்ன நிறம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுவர் உதிர்ந்தபோது நான் “அடடா” என்றேன். தம்பி பேரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “கட்டிக்கலாம் பெரிய தாத்தா” என்றான். எனக்குப் படம் திறந்துகொண்டது அந்த இடத்தில்தான்.

இந்த உலகத்தில் யாரும் சாக முடியாது. தலை கழன்றால் அமுக்கினால் உட்கார்ந்துவிடும். கார் நொறுங்கினால் துண்டுகள் தரையில் கிடக்கும், பொறுக்கிக் கட்டலாம். ரத்தம் கிடையாது, சுடுகாடு கிடையாது. பேட்மேன் என்கிற ஆளோ ஒரு சாவிலிருந்து எழுந்தவன். இருட்டுச் சந்தில் அவன் கண்முன்னே பெற்றோர் செத்த அந்தக் கதை 1939இலேயே சொல்லியாகிவிட்டது. அந்தச் சாவை எடுத்துவிட்டால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும்? வீம்பு. ‘எனக்கு யாரும் வேண்டாம்’ என்கிற வீம்பு. மற்ற பேட்மேன் படங்களில் மழையையும் இருட்டையும் வயலினையும் போட்டு அதைத் துக்கம் என்று நம்மை நம்பவைப்பார்கள். பிளாஸ்டிக் பொம்மையில் அது நடக்காது. நான்கு லெகோ கட்டை உயரம், முழங்கை கிடையாது, முழங்கால் கிடையாது. அந்த உடம்போடு ஒருவன் விறைத்து நின்றால் ரோஷம் மட்டும்தான் தெரியும்.

பேட்மேனின் உதவியாளன் ராபின் சூப்பர்மேனைக் கண்டதும் வாயைப் பிளக்கிறான். பறக்கிறார், பலசாலி, கண்ணிலிருந்து கதிர் வருகிறது என்று அடுக்குகிறான். பக்கத்தில் நிற்கும் பேட்மேனுக்கு அடுப்பில்லாமலே கொதிக்கிறது. மருமகள் முன்னால் பக்கத்து வீட்டுச் சாம்பாரைப் புகழ்ந்துவிட்ட நிலைமை. அவமதிப்பு என்று நீங்கள் நினைத்தது இதைத்தான். எனக்கோ நம் கூத்துக் கட்டியங்காரன் ஞாபகம் வந்தான். ராஜா கொலுவுக்கு வந்து நிற்கும்போதே அவரை வாரிவிடுவான். அதே ராஜா விடிகாலையில் களத்தில் விழும்போது அதே சனம் அழும். கேலி செய்ததால் எந்த ராஜாவும் சின்னவராகிவிட்டதில்லை.

ஒரு சின்ன விஷயம். இந்தக் கட்டை மனிதர்கள் அதற்கு முன்பு வந்த லெகோ கேம்களில் பேசவே மாட்டார்கள். ‘ம்ம்’, ‘ஹா’ என்று முனகுவதும் கையை ஆட்டுவதும்தான். 2008இல் வந்த முதல் பேட்மேன் கேமும் அப்படித்தான். 2012இல்தான் முழு வசனம் கொடுத்தார்கள். வாய் திறந்ததும் பேட்மேனிடமிருந்து முதலில் வெளியே வந்தது ஜம்பம். எழுதியவர்களுக்குப் பொம்மையின் இயல்பு தெரிந்திருக்கிறது.

இதே வீம்பை இன்னும் பெரிதாக, இன்னும் நன்றாகச் செய்தது 2017இல் கிறிஸ் மெக்கே இயக்கிய ‘தி லெகோ பேட்மேன் மூவி’. மகனோடு அதையும் பாருங்கள். ஊரைக் காப்பாற்றிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு, பேட்மேன் மாளிகைக்குத் திரும்புகிறான். ஆள் அரவம் இல்லை. முகமூடியைக் கழற்றாமலே மேலங்கி ஒன்றை மாட்டிக்கொள்கிறான். மிச்சமிருந்த சிங்கி இறால் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைக்கிறான். நிமிடத்தைத் தப்பாக அமுக்கி, திருத்தி அமுக்குகிறான். பிறகு நிற்கிறான். தட்டு உள்ளே சுற்றுகிறது, ‘உம்ம்’ என்று மெஷின் ஓடுகிறது. இவன் நிற்கிறான். வெடியும் வேகமுமாக ஓடிக்கொண்டிருந்த படம் அங்கே ஒரு தனிக்கட்டை சமையலறையில் நின்றுவிடுகிறது. சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. பிறகு ஒரு வேலையாக சூப்பர்மேன் வீட்டுக்குப் போனால், அங்கே ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோக்கள் கூட்டம் மொத்தமும் கூடிப் பார்ட்டி நடக்கிறது. இவனுக்கு மட்டும் அழைப்பில்லை. விசேஷத்துக்குச் சொல்லாமல் விட்ட சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

கடைசியில் பேட்மேனின் ஊரான காத்தம் நகரமே இரண்டாகப் பிளக்கிறது. பேட்மேன், ஜோக்கர், போலீஸ், திருடன், ஊர்சனம் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பொருந்திச் சங்கிலியாகி, இரண்டு பாதியையும் இழுத்துச் சேர்க்கிறார்கள். இதை வேறு எந்தப் பொருளில் எடுத்திருந்தாலும் அசட்டுத்தனமாக இருந்திருக்கும். இங்கே பொருந்துவதற்குக் காரணம் பொம்மையின் உடம்பிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டு பேட்மேனின் முகமூடியைக் கழற்றிப் பாருங்கள். தலை உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். திருப்பிப் பிடித்தால் பாதத்துக்கு அடியில் பள்ளம். யாரும் வேண்டாம் என்கிறவனையே இன்னொன்றோடு மாட்டும்படிதான் அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

கட்டையின் ரகசியமும் அதுதான். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கியதுதான் இந்தக் கம்பெனி. பிளாஸ்டிக் கட்டை 1949இல் வந்துவிட்டது. ஆனால் அடியில் வெறும் பொந்து, பிடிமானம் இல்லை, கட்டினால் சரியும். அவர் மகன் காட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்ட கட்டையில்தான் உள்ளே குழாய்கள் வந்தன. எட்டுக் குமிழ்க் கட்டையைக் கவிழ்த்தால் மூன்று குழாய் தெரியும். கீழ்க்கட்டையின் குமிழ் அந்தக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகுகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம். பெரியவர் கட்டினால் நிற்கும், நாலு வயதுப் பிள்ளை பிடுங்கினால் வரும், அந்த அளவுக்கான இறுக்கம். அப்படிப்பட்ட ஆறு கட்டைகளை, எல்லாம் ஒரே நிறம் என்றாலும், 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம். பிடுங்க வருவதால்தான் இத்தனை விதம்.

இப்போது உங்கள் வீட்டு ஷோகேஸ். இந்தக் கதையையும் படமாக எடுத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 2014இல் வந்த ‘தி லெகோ மூவி’, பில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் இயக்கியது. தீ, தண்ணீர், புகை வரை எல்லாம் கட்டைதான், கட்டைகளில் விரல் ரேகைகூடத் தெரியும். அதில் வில்லன் கையில் உலகையே அழிக்கும் ஆயுதம் ஒன்று இருக்கிறது. பெயர் ‘கிராகிள்’. கடைசியில் பார்த்தால் அது ஒரு பசை டியூப், ‘கிரேஸி க்ளூ’ என்ற பெயரில் சில எழுத்து அழிந்து மிச்சம் நின்றது கிராகிள். வில்லன் யார் என்றால், வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் அருமையாக ஒரு நகரத்தைக் கட்டிவைத்து, பையன் கைவைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடத் துணிந்த ஒரு அப்பா. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருக்கிறார். உதிர்ந்ததைக் கண்டு பொறுக்காதவர் அவர், சோபாவுக்கு அடியில் குனிந்தவர் நீங்கள். பையனுக்கு மட்டும்தான் அது கஷ்டமாகத் தெரிந்திருக்காது.

உங்கள் பிள்ளை எதைக் கற்றுக்கொள்வான் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. கார் கட்டியாகத் திரும்பி வந்த பிறகு அவன் காரை விட்டுவிட்டு, எல்லாம் கழல்கிற படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். இதை எனக்கு எழுதிச் சொன்னவர் நீங்கள்தான்.

காரின் உடம்பை இனி விட்டுவிடுங்கள். உருளாவிட்டால் கார் இல்லை என்பதால் உங்கள் கணவர் சக்கரங்களில் பசை போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவற்றைக் கழற்றி, டயரை மட்டும் உருவிப் பார்த்து, ஒரு டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுங்கள். அண்ணன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கார் வேண்டாம், படமே போடாத சாதாரணக் கட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். துடைப்பம் சோபா பக்கத்திலேயே இருக்கட்டும்.