ஒரு நிறை, இரண்டு பதிவு

கேள்வி: அண்ணா, அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்த கிலோவைக் கொப்பியில் குறித்து, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதையே ஃப்ளட்டரில் (ஆப் எழுதும் கூகுளின் கருவி) ஓர் ஆப்பாகச் செய்கிறேன். அம்மா 'சேமி' பட்டனை அழுத்தினால் சில நேரம் ஒரே நிறை இரண்டு தரம் பதிவாகிறது. பேக் அழுத்தினால் பட்டியல், பதிவுப் பக்கம், திரும்பவும் பட்டியல் என்று முடியாமல் வருகிறது. எல்லா ஸ்கிரீனையும் ஒரே ஃபைலில் எழுதியதாலா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: ஒரே ஃபைல் என்பது உங்களுக்குத்தான் தலையிடி தங்கச்சி, போனுக்கு இல்லை. ஸ்கிரீனுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிடுங்கள், தேடுவது சுகம். ஆனால் இந்த இரண்டு கோளாறும் அதனால் வந்தவை அல்ல.

பேக் விஷயம் லேசு. ஸ்கிரீன் மாற்றும் நேவிகேட்டரில் 'புஷ்' என்றால் இருக்கிற ஸ்கிரீனுக்கு மேல் இன்னொன்றை அடுக்குவது. சேமித்த பிறகு பட்டியலுக்குப் போக நீங்கள் மறுபடி 'புஷ்' பண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டியல் ஏற்கெனவே அடியில் கிடக்கிறதே! மேலே இருப்பதை 'பாப்' பண்ணி எடுத்தால் போதும். புதிய நிறையையும் அந்த 'பாப்'போடு கொடுத்தனுப்பலாம், பட்டியல் அதை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்.

இரட்டைப் பதிவுதான் பொல்லாதது. கொட்டகலைப் பக்கம் ஒரு பால்கார அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் ஆப்பிலும் இதே கதைதான். பத்து லீட்டர் பால் இருபதாகி, அவர் என்னைக் கண்டாலே சிரிப்பார். மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். சேமிக்கச் சுணங்கினால், அழுத்தியது படவில்லை என்று நினைத்து யாரும் இன்னொரு தரம் அழுத்தத்தான் செய்வார்கள். அம்மாவில் பிழையில்லை.

'சேமிக்கிறது' என்று ஒரு பூலியன் (உண்மை, பொய் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் மாறி) வைத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, அது உண்மை என்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால், சேமித்து முடியும்வரை காத்திருக்கும் 'அவெய்ட்' வருவதற்கு முன்பே, ஸ்கிரீனைப் புதுப்பிக்கச் சொல்லும் செட்ஸ்டேட்டுக்குள் அதை உண்மையாக்குங்கள். அது உண்மையாக இருக்கும்வரை அழுத்தினால் என்ன செய்வது என்று சொல்லும் பட்டனின் ஒன்பிரெஸ்டுக்கு 'நல்' (ஒன்றுமில்லை) கொடுத்தால், ஃப்ளட்டர் தானாகவே பட்டனைச் சாம்பல் நிறமாக்கி முடக்கிவிடும். சாம்பலாக்குவது மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நிறம் மாறுவது அடுத்த ஃப்ரேமில்தான், அதற்குள் இரண்டாவது தட்டல் நுழைந்துவிடலாம். வேலை முடிந்ததும், சரியானாலும் பிழைத்தாலும் ஓடும் 'ஃபைனலி'க்குள் பூலியனைப் பொய்யாக்குங்கள். ஸ்கிரீன் இன்னும் இருக்கிறதா என்று சொல்லும் 'மவுன்டட்'டை அங்கே பார்க்க மறக்காதீர்கள். ஸ்கிரீனை மூடிய பிறகு செட்ஸ்டேட் கூப்பிட்டால் பிழை எறியும்.

இன்னொன்றும் செய்யுங்கள். பதிவுப் பக்கம் திறக்கும்போதே அந்த நிறைக்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிடுங்கள். அதே எண்ணோடு இரண்டாம் தரம் வந்தால் புதிய வரி சேராமல் பழையதன் மேலேயே எழுதும்படி வைத்தால், சிக்னல் போய்த் திரும்ப அனுப்பினாலும் கணக்கு கெடாது.

அப்புறம் பட்டன் அளவு. கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி குறைந்தது 48 டிபி என்கிறது, ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது (இரண்டும் ஸ்கிரீனில் அளக்கும் அலகுகள்). அது காய்ந்த விரலுக்குச் சரி. மழையில் நனைந்து, கொழுந்துக் கறையோடு மடுவத்துக்கு வருகிற கைக்கு நான் 64 டிபி வைப்பேன். ஈரம் பட்ட ஸ்கிரீன் தொடாத இடத்தையும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். அதனால் 'அழி' பட்டனைச் 'சேமி'க்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

கிலோவை டைப் பண்ணவும் கேட்காதீர்கள், கீபோர்ட் எழும்பிப் பாதி ஸ்கிரீனை மூடிவிடும். நேற்று அதே நேரத்து நிறையைக் காட்டி, கூட்ட ஒன்றும் குறைக்க ஒன்றுமாக இரண்டு பெரிய பட்டன் போடுங்கள். அரைக் கிலோ அரைக் கிலோவாக நகரட்டும். செய்து முடித்ததும் அம்மாவின் கையை நனைத்துவிட்டு ஒருமுறை அழுத்தச் சொல்லிப் பாருங்கள்.