புது லேப்டாப்: ஆன்டிவைரஸுக்குக் காசு கட்டாதீங்க

வணக்கங்க. புது விண்டோஸ் 11 லேப்டாப்போட வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் பணம் கட்டச் சொல்லி நச்சரிக்குது, தமிழ் டைப்பிங்குக்கு என்ன போடணும்னு கேட்டிருந்தீங்க.

பணம் கட்டவே வேண்டாம். அதை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸோடவே வர்ற டிஃபென்டர்ங்கற ஆன்டிவைரஸ் தானா வேலைக்கு வந்துடும். வீட்டுக்கு அதுவே தாராளம்.

தமிழுக்கும் தனி மென்பொருள் தேவையில்லை. செட்டிங்ஸ்ல தமிழைச் சேர்த்து, தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்க. விண்டோஸ் பட்டனோட ஸ்பேஸ்பாரைத் தட்டினா மொழி மாறும். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. க தட்டி ஆ தட்டினா கா. எனக்கு இதைவிட வசதியானது தெரியலைங்க, புதுசாப் பழகுறவங்க இதுலேயே ஆரம்பிக்கணும்.

மத்தபடி டாக்குமென்ட் வேலைக்கு லிப்ரே ஆபிஸ், வீடியோ பார்க்க விஎல்சி, ஜிப் ஃபைலைப் பிரிக்க 7-ஜிப் போதும், எல்லாமே இலவசம். அந்தந்தச் சொந்தத் தளத்துல மட்டும் இறக்குங்க. தேடும்போது மேலே வர்ற விளம்பர லிங்க்கைத் தொடாதீங்க, போலி இன்ஸ்டாலர் அந்த வழியாவும் வருது.